மூலநிரலிலிருந்து நிறுவும்போது: எது காணவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உபுண்டு 22.04-இல், மென்பொருள்களை நிறுவித் தரும் ஆப்ட் என்ற கருவி வழியாக டெசராக்ட் நிறுவினால் கிடைப்பது 4.1.1 பதிப்பு. ஸ்கேன் செய்த பக்கத்தைப் படித்து எழுத்தாக மாற்றித் தரும் இந்த எழுத்துணரியின் 5-ஆம் பதிப்போ 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. தமிழுக்கும் அதில் பயிற்சித் தரவு இருக்கிறது. பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றை எழுத்தாக்க நினைக்கிறவர் புதுப் பதிப்பைத் தேடிப் போவது இயல்பு. அப்போது முன்னால் வரும் வழிகளில் ஒன்று, மூலநிரலை (சோர்ஸ் கோடு) இறக்கி நம் கணினியிலேயே கம்பைல் செய்வது, அதாவது கணினி ஓட்டக்கூடிய நிரலாக மாற்றுவது.

செய்முறைக் குறிப்பில் ஐந்து கட்டளைகள்தான் இருக்கும். ஆட்டோஜென், கான்ஃபிகர், மேக், சூடோ மேக் இன்ஸ்டால், சூடோ எல்டிகான்ஃபிக். பார்க்க எளிதாக இருக்கும். முதல் முறை செய்கிறவருக்கு ஐந்தில் ஏதோ ஒன்றில் திரை முழுக்கச் செய்தி கொட்டி, வேலை நின்றுபோகும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: டெசராக்டுக்குத் தேவையான வேறொரு மென்பொருள் கணினியில் இல்லை, அல்லது இருந்தும் அதன் கண்ணில் படவில்லை. இதைத்தான் டிபெண்டன்சி இல்லை என்கிறோம்.

பலரும் உடனே செய்வது, பிழைச் செய்தியை அப்படியே தேடுபொறியில் போட்டு, யாரோ எழுதிய நீளமான ஆப்ட் இன்ஸ்டால் வரியை நகலெடுத்து ஓட்டுவது. சில நேரம் வேலை செய்யும். ஆனால் அடுத்த மென்பொருளில் அதே இடத்தில் மறுபடி நிற்போம். அதைவிட, எந்தக் கட்டத்தில் நின்றது என்று முதலில் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு வகைக் கோப்பைத் தேடுகிறது. நின்ற கட்டம் தெரிந்தால் காணாமல் போனது எந்த வகைக் கோப்பு என்பதும் பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

ஒரு லைப்ரரி என்பது ஒரே கோப்பு அல்ல

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் எளிது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

டெசராக்ட் படக்கோப்புகளைத் தானே திறப்பதில்லை. அந்த வேலையை லெப்டோனிகா என்ற லைப்ரரியிடம், அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பிடம், விட்டுவிடுகிறது. உபுண்டு 22.04-இல் லெப்டோனிகா இரண்டு பேக்கேஜாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்றின் பெயர் லிப்லெப்ட்5. அதில் முக்கியமாக இருப்பது லிப்லெப்ட்.எஸ்ஓ.5 என்ற கோப்பு. ஏற்கெனவே கம்பைல் ஆன நிரல் ஓடுவதற்கு இது போதும். இன்னொன்று லிப்லெப்டோனிகா-டெவ். இது கம்பைல் செய்கிறவர்களுக்கு.

இந்த டெவ் பேக்கேஜுக்குள் மூன்று விதமான பொருள்கள் வரும். முதலாவது, ஆல்ஹெட்டர்ஸ்.ஹெச் போன்ற ஹெட்டர் கோப்புகள். இவை வெறும் எழுத்துக் கோப்புகள். இந்த லைப்ரரியில் என்னென்ன ஃபங்ஷன்கள் உண்டு, எதற்கு என்ன கொடுக்க வேண்டும், பதிலுக்கு என்ன வரும் என்ற விவரம் மட்டும் இவற்றில் இருக்கும். இரண்டாவது, கடைசியில் எண் இல்லாத லிப்லெப்ட்.எஸ்ஓ என்ற பெயர். அது தனிக் கோப்புகூட இல்லை, எண் உள்ள கோப்பைச் சுட்டும் இணைப்பு. கம்பைல் ஆன துண்டுகளையும் லைப்ரரிகளையும் ஒன்றாக இணைக்கும் லிங்கர் தேடுவது இந்த எண் இல்லாத பெயரைத்தான். மூன்றாவது, லெப்ட்.பிசி என்ற சிறு கோப்பு. ஹெட்டர் எந்த டைரக்டரியில் இருக்கிறது, லிங்கருக்கு என்ன சொல்ல வேண்டும், பதிப்பு என்ன என்பதை இது சில வரிகளில் சொல்லும். பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவி படிப்பது இதை.

இப்போது, "லெப்டோனிகா ஏற்கெனவே இருக்கிறதே, ஏன் இல்லை என்கிறது?" என்ற குழப்பத்துக்கு விடை கிடைத்துவிட்டது. இருப்பது ஓடுவதற்கான பாதி. இல்லாதது கம்பைல் செய்வதற்கான பாதி. சாதாரணப் பயனருக்கு இரண்டாம் பாதி தேவையே படாது என்பதால் டெபியனும் உபுண்டுவும் தனியே பிரித்து வைத்திருக்கின்றன. ஃபெடோராவிலும் இதே ஏற்பாடுதான், பெயரின் முடிவில் டெவ் என்பதற்குப் பதிலாக டெவெல் என்று இருக்கும்: லெப்டோனிகா-டெவெல்.

பெயர்களைக் கவனியுங்கள். லைப்ரரியின் பெயர் லெப்டோனிகா. உபுண்டுவில் பேக்கேஜ் லிப்லெப்டோனிகா-டெவ். பிகேஜி-கான்ஃபிக்குக்கு அது வெறும் லெப்ட். ஹெட்டரின் பெயரோ ஆல்ஹெட்டர்ஸ், லெப்டோனிகா என்ற சாயலே இல்லை. ஒரே பொருளுக்கு இத்தனை பெயர் இருப்பதால்தான் பிழைச் செய்தியில் வரும் பெயரை அப்படியே ஆப்ட் இன்ஸ்டாலுக்குக் கொடுத்தால் "அப்படி ஒரு பேக்கேஜே இல்லை" என்று வருகிறது.

கோப்பின் பெயரிலிருந்து பேக்கேஜின் பெயரைக் கண்டுபிடிக்க ஆப்ட்-ஃபைல் என்ற கருவி இருக்கிறது. அதை நிறுவி, ஒரு முறை சூடோ ஆப்ட்-ஃபைல் அப்டேட் கொடுத்துவிட்டு, ஆப்ட்-ஃபைல் சர்ச் என்று தட்டி ஹெட்டரின் பெயரைக் கொடுத்தால் அது எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று சொல்லிவிடும். நிறுவாத பேக்கேஜுக்குள்ளும் இது தேடும் என்பதுதான் இதன் அருமை. ஃபெடோராவில் அதே வேலைக்கு டிஎன்எஃப் புரொவைட்ஸ். மூலநிரலோடு பழகப் போகிறவர் முதலில் நிறுவ வேண்டிய கருவி இதுதான் என்பேன்.

கம்பைல் தொடங்கும் முன்னரே நின்றால்

ஆட்டோஜென் கட்டத்தில் தேவைப்படுவது லைப்ரரி அல்ல, கருவிகள். ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், பிகேஜி-கான்ஃபிக். இவற்றில் ஒன்று இல்லையென்றால் பெரும்பாலும் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று நேரடியாகவே வரும். நிறுவினால் தீர்ந்தது.

ஆனால் பிகேஜி-கான்ஃபிக் மட்டும் ஆளைக் குழப்பும். ஆட்டோடூல்ஸ் (ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் அடங்கிய தொகுப்பு) பயன்படுத்தும் பல மென்பொருள்களில், அது இல்லாமலேயே ஆட்டோஜென் சத்தமின்றி முடிந்துவிடும். அடுத்து கான்ஃபிகரை ஓட்டும்போது "சின்டாக்ஸ் எரர் நியர் அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்" என்று வரும், கூடவே பிகேஜி_செக்_மாட்யூல்ஸ் என்று தொடங்கும் ஒரு வரி. யாரோ நிரலைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். உண்மையில் நடந்தது வேறு. பிகேஜி-கான்ஃபிக்கோடு வரும் ஒரு மேக்ரோ (நீளமான நிரலாக விரியும் சுருக்கப் பெயர்) இல்லாததால், ஆட்டோஜென் அந்தப் பெயரை விரிக்கத் தெரியாமல் அப்படியே கான்ஃபிகருக்குள் விட்டுவிட்டது. பிகேஜி-கான்ஃபிக்கை நிறுவிய பிறகு கான்ஃபிகரை மட்டும் மறுபடி ஓட்டினால் அதே பிழை வரும். ஆட்டோஜென்னிலிருந்து தொடங்க வேண்டும்.

கான்ஃபிகர் சொல்வதைக் கேளுங்கள்

கான்ஃபிகரின் வேலையே இருப்பதையும் இல்லாததையும் சரிபார்ப்பது. டெசராக்டின் கான்ஃபிகர் இதை நல்ல முறையில் செய்கிறது. லெப்டோனிகா கிடைக்கவில்லை என்றால், 1.74 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு வேண்டும், லிப்லெப்டோனிகா-டெவ் பேக்கேஜை நிறுவிப் பாருங்கள் என்று பெயரோடு சொல்லிவிட்டு நிற்கும். எல்லா மென்பொருளும் இவ்வளவு கரிசனமாக எழுதப்பட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை குறைவு.

அந்தப் பேக்கேஜை நிறுவிய பிறகும் அதே செய்தி வந்தால்? பிகேஜி-கான்ஃபிக்கிடமே நேரில் கேட்கலாம். பிகேஜி-கான்ஃபிக், அடுத்து இரண்டு ஹைஃபனோடு மாட்வெர்ஷன், அடுத்து லெப்ட். பதிப்பு எண் வந்தால் லெப்ட்.பிசி அதன் கண்ணில் படுகிறது என்று பொருள். எண் வராமல் திட்டு வந்தால் அந்தக் கோப்பு அது தேடும் இடத்தில் இல்லை. லெப்டோனிகாவையும் நீங்களே கம்பைல் செய்து ஹோம் டைரக்டரிக்குள் எங்கேயாவது நிறுவியிருந்தால் இப்படித்தான் ஆகும். அதற்கு பிகேஜி_கான்ஃபிக்_பாத் என்ற சூழல் மாறியில் (என்விரான்மென்ட் வேரியபிள்), லெப்ட்.பிசி இருக்கும் டைரக்டரியைக் கொடுத்துவிட்டுக் கான்ஃபிகரை மீண்டும் ஓட்ட வேண்டும்.

திரையில் வரும் செய்தி போதவில்லை என்றால் அதே டைரக்டரியில் கான்ஃபிக்.லாக் என்ற கோப்பு உருவாகியிருக்கும். பெரிய கோப்புதான், ஆனால் முழுதாகப் படிக்கத் தேவையில்லை. "கேஷ் வேரியபிள்ஸ்" என்ற தலைப்பைத் தேடி, அதற்குச் சற்று மேலே பாருங்கள். கான்ஃபிகர் கடைசியாக எதைச் சோதித்தது, அந்தச் சோதனை ஏன் தோற்றது என்பது அங்கே இருக்கும். லைப்ரரி இல்லை என்று திரையில் சொன்ன இடத்தில், உள்ளே போய்ப் பார்த்தால் கம்பைலரே சரியாக ஓடவில்லை என்று இருப்பதும் உண்டு.

மேக் ஓடும்போது நின்றால்

இங்கே முதல் விதி: கடைசி வரியைப் படிக்காதீர்கள், முதல் பிழையைப் படியுங்கள். "மேக்: எரர் 2" என்பது மேலே ஏதோ ஒன்று தோற்றதன் எதிரொலி மட்டும்தான். வேகத்துக்காக மேக்குக்கு ஹைஃபன்-ஜே கொடுத்திருந்தால் பல வேலைகளின் செய்திகள் ஒன்றோடொன்று கலந்து வரும். அந்த ஜே இல்லாமல் வெறும் மேக் என்று மறுபடி தட்டினால், தோற்ற இடத்திலேயே அமைதியாக நிற்கும்.

"ஃபேட்டல் எரர்", ஹெச் என்று முடியும் ஒரு கோப்பின் பெயர், அடுத்து "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று வந்தால் ஹெட்டர் இல்லை. டெவ் பேக்கேஜ் நிறுவப்படவில்லை, அல்லது ஹெட்டர் கம்பைலர் பார்க்காத டைரக்டரியில் இருக்கிறது. பைத்தானின் நிறுவும் கருவியான பிப் மூலம் நிறுவும்போதும் இதே செய்தி வரக்கூடும். உங்கள் கணினிக்கென்று தயாராகக் கம்பைல் செய்த கோப்பு கிடைக்காதபோது, பிப் பின்னணியில் மூலநிரலைக் கம்பைல் செய்யத் தொடங்குகிறது. டெசராக்டைப் பைத்தானிலிருந்து அழைக்க உதவும் டெசரோசிஆர் நிறுவும்போது ஆல்ஹெட்டர்ஸ்.ஹெச் இல்லை என்று வருவது இப்படித்தான். பைத்தானில் எவ்வளவு தேடினாலும் தீர்வு கிடைக்காது. நிறுவ வேண்டியது ஆப்ட் வழியாக, டெவ் பேக்கேஜை.

"கேனாட் ஃபைண்ட்" என்று வந்து, பின்னால் ஹைஃபன்-எல் என்று தொடங்கும் பெயர் இருந்தால், ஹெட்டர் கட்டம் தாண்டி லிங்கர் கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். எண் இல்லாத அந்த எஸ்ஓ பெயர் காணவில்லை. எண் உள்ள கோப்பு கண்ணெதிரே இருக்கிறதே என்று கையால் ஓர் இணைப்பை உருவாக்கி விடத் தோன்றும். வேண்டாம். டெவ் பேக்கேஜை நிறுவினால் அது சரியான கோப்பைச் சுட்டும்படி தானே உருவாகும்.

"அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்பது இன்னும் நுட்பமானது. லைப்ரரி கிடைத்திருக்கிறது, ஆனால் ஹெட்டர் சொன்ன ஃபங்ஷன் அதற்குள் இல்லை. கணினியில் ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் இருந்தால் இது அடிக்கடி வரும். ஆப்ட் வைத்த பழையது யூஎஸ்ஆர் டைரக்டரிக்குள், நீங்கள் வைத்த புதியது யூஎஸ்ஆர்-லோக்கலுக்குள். ஹெட்டரை ஒன்றிலிருந்தும் எஸ்ஓ கோப்பை இன்னொன்றிலிருந்தும் எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒத்துப்போகாது. இரண்டில் ஒன்றை நீக்குவதுதான் சுத்தமான வழி. நீங்களே நிறுவியதை நீக்க, கம்பைல் செய்த அதே டைரக்டரிக்குள் போய் சூடோ மேக் அன்இன்ஸ்டால் என்று கொடுக்கலாம். இதற்காகவே அந்த டைரக்டரியை வேலை முடிந்ததும் அழித்துவிடாமல் வைத்திருங்கள்.

நிறுவியாயிற்று, ஆனால் ஓடவில்லை

டெசராக்ட் என்று தட்டியதும் "எரர் வைல் லோடிங் ஷேர்ட் லைப்ரரீஸ்: லிப்டெசராக்ட்.எஸ்ஓ.5" என்று வரலாம். இப்போதுதானே நிறுவினோம்! ஆம், கோப்பு யூஎஸ்ஆர்-லோக்கல்-லிப் டைரக்டரியில்தான் இருக்கிறது. நிரல் தொடங்கும்போது லைப்ரரிகளைத் தேடிக் கொடுக்கும் லோடர், எங்கெங்கே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அந்தப் பட்டியல் இன்னும் புதுப்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான். சூடோ எல்டிகான்ஃபிக் செய்வது அந்தப் புதுப்பித்தலை. ஐந்தாவது கட்டளையை விட்டுவிட்டவர்களுக்கு வரும் பிழை இது.

எது கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்று பார்க்க எல்டிடி என்ற கட்டளைக்கு நிரலின் முழுப் பாதையைக் கொடுங்கள். அது சார்ந்திருக்கும் லைப்ரரிகள் வரிசையாக வரும். கிடைக்காததற்கு எதிரே "நாட் ஃபவுண்ட்" என்று இருக்கும்.

கடைசியில் உள்ள அந்த எண்ணைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரியின் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 கோப்பைத் தேடும் பழைய நிரல் ஒன்றை உபுண்டு 22.04-இல் ஓட்டினால் கிடைக்கவில்லை என்று வரும். அங்கே இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0. லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 என்ற கோப்பையே 1.1 என்ற பெயரில் இணைத்துவிடு என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எண் மாறினால் உள் அமைப்பு மாறியிருக்கிறது, பழைய நிரலோடு ஒத்துப்போகும் என்ற உறுதி இல்லை என்றுதான் பொருள். ஓப்பன்எஸ்எஸ்எல் விஷயத்தில் லோடரே, ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 என்ற பதிப்பைக் காணோம் என்று மறுத்துவிடும். மறுக்காத லைப்ரரிகளில் நிலைமை இன்னும் மோசம். ஓடுவது போல ஓடி நடுவில் விழும். மூலநிரல் கையில் இருந்தால் புதிய லைப்ரரியோடு மறுபடி கம்பைல் செய்வதுதான் சரி.

எந்தப் பிழையும் சொல்லாமல் விட்டுப்போனவை

எனக்கு அதிகம் கவலை தருவது இந்த வகைதான். ஏனென்றால் இங்கே ஐந்து கட்டளைகளும் வெற்றிகரமாக முடியும்.

லெப்டோனிகாவையும் மூலநிரலிலிருந்து நீங்களே கம்பைல் செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிஎன்ஜி, ஜேபெக், டிஃப் படங்களைத் திறக்க அதற்கும் தனித்தனி லைப்ரரிகள் வேண்டும். ஆனால் அவை கட்டாயம் அல்ல. இல்லையென்றால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதைக் கம்பைல் செய்துகொண்டு போகும். டெசராக்டும் அதன் மேல் நன்றாக அமர்ந்துகொள்ளும். பிறகு ஒரு நாள் பிஎன்ஜி படம் ஒன்றைக் கொடுக்கும்போது "எரர் இன் பிக்ஸ்ரீட்ஸ்ட்ரீம்பிஎன்ஜி: ஃபங்ஷன் நாட் பிரசென்ட்" என்று வரும். படம் கெட்டுவிட்டதோ என்று பார்ப்போம், டெசராக்டைத் திரும்ப நிறுவுவோம். இரண்டிலும் பயன் இல்லை. லிப்பிஎன்ஜி-டெவ், லிப்ஜேபெக்-டெவ், லிப்டிஃப்-டெவ் ஆகியவற்றை நிறுவி, லெப்டோனிகாவை மறுபடி கான்ஃபிகரிலிருந்து கம்பைல் செய்ய வேண்டும்.

முன்கூட்டியே சரிபார்க்கவும் வழி இருக்கிறது. டெசராக்ட், அடுத்து இரண்டு ஹைஃபனோடு வெர்ஷன் என்று கொடுத்தால், லெப்டோனிகாவின் பதிப்போடு அது எந்தெந்தப் பட லைப்ரரிகளோடு கம்பைல் ஆகியிருக்கிறது என்ற வரியும் வரும். லிப்பிஎன்ஜி அந்த வரியில் இல்லையென்றால் பிஎன்ஜி திறக்காது.

அடுத்தது தரவு. டெசராக்ட் ஓடுகிறது, படமும் திறக்கிறது, ஆனால் தமிழைக் கேட்டால் டாம்.டிரெய்ன்டுடேட்டா கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறது. தமிழுக்கான டெசராக்ட்-ஓசிஆர்-டாம் பேக்கேஜை ஆப்ட் வழியாக முன்பே நிறுவியிருந்தாலும் இது வரும். உபுண்டு அந்தக் கோப்பை யூஎஸ்ஆர்-ஷேர் டைரக்டரிக்குள் வைக்கிறது. நீங்கள் கம்பைல் செய்த டெசராக்டோ யூஎஸ்ஆர்-லோக்கல்-ஷேர்-டெஸ்டேட்டா டைரக்டரியில் தேடுகிறது. பிழைச் செய்தியிலேயே அது தேடும் முழுப் பாதையும் இருக்கும், படித்தால் போதும். கோப்பை அங்கே வையுங்கள், அல்லது டெஸ்டேட்டா_பிரிஃபிக்ஸ் என்ற சூழல் மாறியில் கோப்பு இருக்கும் டைரக்டரியைக் கொடுங்கள்.

கடைசியாக, தமிழ் எழுத்துருக்களை வைத்து டெசராக்டுக்கு மேற்கொண்டு பயிற்சி தர நினைப்பவர்களுக்கு. கான்ஃபிகர் முடியும்போது வரும் செய்திகளில், ஐசியூ (யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் லைப்ரரி) இல்லை, பேங்கோ இல்லை, பயிற்சிக் கருவிகள் கம்பைல் ஆகாது என்று எச்சரிக்கை இருக்கலாம். அது எச்சரிக்கைதான், பிழை அல்ல. அதனால் மேக் நிற்காமல் முடியும், எழுத்துணரியும் வேலை செய்யும், பயிற்சிக் கருவிகள் மட்டும் இருக்காது. பேங்கோ எதற்கு என்று தோன்றலாம். பயிற்சிக்கு வேண்டிய படங்களை உருவாக்கும் கருவி, எழுத்தை எழுத்துருவில் வரைந்து படமாக்குகிறது. "கொ" என்ற எழுத்தில் உயிர்க்குறியின் ஒரு பாதி மெய்க்கு முன்னும் மறுபாதி பின்னும் வர வேண்டும். சேமிக்கப்பட்ட வரிசையில் அப்படியே வரைந்தால் எழுத்து உடைந்துவிடும். சரியாக அடுக்கித் தருவது பேங்கோ. லிப்ஐசியூ-டெவ், லிப்பேங்கோ1.0-டெவ், லிப்கெய்ரோ2-டெவ் மூன்றையும் நிறுவுங்கள். அப்புறம் கான்ஃபிகரை மறுபடி ஓட்டுங்கள், ஏனென்றால் முதல் முறை எது இல்லை என்று குறித்துக்கொண்டதோ அந்த முடிவையே மேக் தொடர்ந்து நம்பும். எச்சரிக்கை போய்விட்டதா என்று பார்த்துவிட்டு மேக், மேக் டிரெய்னிங், சூடோ மேக் டிரெய்னிங்-இன்ஸ்டால்.